பெங்களூரில் இருந்து குழந்தைகளோடு டென்ட் போட்டுத் தங்க எங்கே போகலாம்?

ஹென்னூர் அப்பா

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை. பெண்ணுக்கு ஒன்பது வயது, பையனுக்கு ஆறு. ஒரு ராத்திரியாவது மலையில் டென்ட்டில் படுக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நாலு பேர் படுக்கிற டென்ட் வாங்கியாச்சு. ஸ்கந்தகிரி உச்சியில் போட்டால் சூரிய உதயம் பார்க்கலாம் என்கிறார் ஆஃபீஸில் ஒருவர். குமார பர்வதாதான் அசல் மலை என்கிறார் இன்னொருவர். இன்ஸ்டாகிராமில் ஒருவர் நைட் ட்ரெக், கேம்ப் ஃபயர், காலை டிபன் எல்லாம் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று ரேட் அனுப்பியிருக்கிறார்.

யாரையும் நம்பாமல் நாங்களே போய்த் தங்க முடியுமா? அனுமதி யாரிடம் வாங்க வேண்டும்? கன்னடம் ஓரளவு பேசுவேன், படிக்கத் தெரியாது. விளக்கமாகச் சொன்னால் பெரிய உதவி.

கருங்கல்

அந்த இன்ஸ்டாகிராம் ஆளுக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

சாவனதுர்கா, ஸ்கந்தகிரி, ராமதேவர பெட்டா, மாகலிதுர்கா என்று பெங்களூரைச் சுற்றியுள்ள பாறை மலைகளில் பெரும்பாலானவை வனத்துறையின் கையில் இருக்கின்றன. பகலில் ஏறலாம். பலவற்றுக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுக்க வேண்டும். ராத்திரி தங்க விடமாட்டார்கள். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். உள்ளே நுழையவே அனுமதி வேண்டும், தீ மூட்டினால் குற்றம், குப்பை போடக் கூடாது என்றுகூட அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. காப்புக்காடு என்றால் கர்நாடக வனச் சட்டம், 1963. அதிலும் அத்துமீறி நுழைவதும் நெருப்பு வைப்பதும் குற்றம்தான்.

அப்புறம் கோமாளா என்று ஒரு நிலம் உண்டு. நம் ஊர் மேய்க்கால் புறம்போக்கு மாதிரி, கிராமத்து மாடுகளுக்காக விட்டது. காடு இல்லை என்பதால் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்று சில குழுக்கள் டென்ட் போடுகின்றன. அந்த நிலத்துக்கும் ஒரு கிராமம் இருக்கிறது. பஞ்சாயத்தில் கேட்காமல் இருட்டில் போய் இறங்கினால் ஊர்க்காரர்கள் வந்து கேள்வி கேட்பது நியாயம்தான்.

ஆக, உங்கள் கேள்விக்கு நேரான பதில்: காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு டென்ட் போட்டுத் தங்க பெங்களூர் சுற்றுவட்டாரத்தில் இடம் இல்லை. பகலில் டிக்கெட் எடுத்துக் காட்டு மலை ஏறுங்கள், ராத்திரி தனியார் தோட்டத்திலோ முறைப்படி நடக்கும் கேம்ப்சைட்டிலோ படுங்கள். குழந்தைகளுக்கு இரண்டும் கிடைத்துவிடும்.

ஓசூர் பைக்

கருங்கல் சார் சொல்வது சட்டப்படி சரி. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. காடு அரசாங்கத்தின் தனிச் சொத்தா? அமெரிக்காவில் பொது நிலத்தில் பல இடங்களில் ஒரே இடத்தில் 14 நாள் வரை காசு கொடுக்காமல் டென்ட் போட்டு இருக்கலாம். நார்வேயில் 1957-லேயே சட்டம் போட்டு, பயிரிடாத நிலத்தில் யாரும் நடக்கலாம், இரண்டு நாள் வரை தங்கலாம் என்று உரிமை கொடுத்திருக்கிறார்கள். இங்கே எதற்கெடுத்தாலும் தடை. வசதி உள்ளவன் காட்டு ஓரத்து ரிசார்ட்டில் ஓர் இரவுக்குப் பதினைந்தாயிரம் கொடுத்துப் படுக்கிறான். முதுகுப்பையில் டென்ட்டைக் கட்டிக்கொண்டு போகிறவன் குற்றவாளி. இதைக் கேட்க ஆள் இல்லை.

காபித்தோட்டம்

ஓசூர் தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ரிசார்ட் பற்றிச் சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நார்வேயில் ராத்திரி யானை வராது.

நான் பிறந்து வளர்ந்தது குடகில். தாத்தா காலத்தில் சேலம் பக்கம் இருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். இப்போது எனக்கு வேலை பெங்களூரில், வீட்டார் இன்னும் அங்கேதான். 2023 கணக்கெடுப்பில் கர்நாடகத்தில் மட்டும் 6,395 யானைகள். இந்தியாவிலேயே அதிகம். அவை காட்டுக் கோட்டுக்குள் நிற்பதில்லை. பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் காபித் தோட்டத்துக்குள் வரும். அதற்காகவே பல தோட்டங்களில் பலாப்பிஞ்சை முன்கூட்டியே வெட்டி இறக்கிவிடுவார்கள். காலையில் வேலைக்குப் போகிற பெண்கள் முதலில் பார்ப்பது தரையைத்தான். ஈரமான சாணம் கிடந்தால் அன்றைக்கு அந்தப் பக்கம் களை எடுப்பதில்லை. யாரும் சத்தம் போடாமல் வேறு வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். இருட்டியபின் அவசரம் என்றாலொழிய யாரும் நடக்கமாட்டார்கள். அங்கேயே வாழ்கிறவர்கள் இப்படி இருக்கும்போது, சனிக்கிழமை ராத்திரி நகரத்தில் இருந்து முப்பது பேர் ஸ்பீக்கரோடு வந்து ஓடைக்கரையில் டென்ட் போட்டால் என்ன ஆகும்? ஓடைக்குத் தண்ணீர் குடிக்க வருகிற யானை திரும்பி ஊருக்குள் போகும். மறுநாள் அடி வாங்குவது நாங்கள்.

இன்னொன்று. காடு காலி நிலம் இல்லை. பிளிகிரிரங்கன மலையில் சோளிகர்கள், நாகரஹொளேயில் ஜேனு குருபர்கள், குதுரேமுகத்தில் மலெகுடியர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டம் வந்தபின்னும் தங்கள் காட்டில் தேன் எடுக்கும் உரிமைக்காக அவர்கள் படி ஏறி இறங்க வேண்டியிருந்தது. 2011-ல்தான் சோளிகர்களுக்குப் புலிகள் காப்பகத்துக்குள் சமூக உரிமை கிடைத்தது. பொதுச் சொத்து என்று நாம் பேசும்போது, அந்தப் பொதுவில் முதல் பங்கு அவர்களுக்கு.

ஓசூர் பைக்

அக்கா, அவர்கள் உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு வழியும் இல்லாமல் அடைப்பதும் சரியில்லைதானே?

தேனி மண்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். "கேம்ப் ஃபயர்" என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2018 மார்ச் 11. குரங்கணி எங்கள் மாவட்டம். கொழுக்குமலைப் பக்கம் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. 23 பேர் போனார்கள். பெரும்பாலும் இளம் வயது. பெண்கள் அதிகம். அந்தச் சரிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆளுயரப் புல், மார்ச்சில் அது காய்ந்த வைக்கோல்.

இதை மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டும். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும். கீழே எரிவது மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காய வைத்துவிடும். மேலே ஓடித் தப்பிக்கலாம் என்று நினைத்தால் தீ முந்திக்கொள்ளும். பக்கவாட்டில் விலகி, வெறும் பாறையோ ஏற்கெனவே எரிந்து கருகிய தரையோ இருக்கிற பக்கம் போக வேண்டும். நைலான், பாலியஸ்டர் உடை உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி பரவாயில்லை. இதெல்லாம் கடைசி நேரத்துக்கு. முதல் பாடம், பிப்ரவரி முதல் மே வரை புல் மலைப்பக்கம் போகாமல் இருப்பதும், எந்த மாதமானாலும் காட்டில் தீப்பெட்டியைப் பையில் இருந்து எடுக்காமல் இருப்பதும்தான்.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறை வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள்தான் வழிகாட்டிகள். பகல் நடைதான், ஆனால் முறையாக நடக்கிறது. ஓசூர் நண்பர் கேட்ட வழி இப்படித்தான் திறக்கும் என்று நம்புகிறேன்.

கருங்கல்

தேனி நண்பருக்கு நன்றி. அதைச் சொல்ல ஊர்க்காரர் ஒருவர் வேண்டியிருந்தது.

குமார பர்வதா பற்றி. 1,712 மீட்டர். அடிவாரமான குக்கே சுப்பிரமணியா கடல்மட்டத்தில் இருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். ஆக ஒரே மூச்சில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் உயரம் ஏறுகிறீர்கள், அதே அளவு முழங்காலைக் கொடுத்து இறங்குகிறீர்கள். ஆறு வயதுப் பையனுக்கு இது வேண்டாம். முன்பெல்லாம் வழியில் பட்டர மனை என்ற வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் டென்ட் போடுவார்கள். மேலே புஷ்பகிரி சரணாலயம் என்பதால் உச்சியில் தங்குவது நிறுத்தப்பட்டு ரொம்ப நாளாகிறது. 2024 ஜனவரியில், குடியரசு தின விடுமுறையில், அங்கே ஆயிரக்கணக்கில் கூட்டம் வரிசை கட்டி நின்ற படம் எல்லோர் போனிலும் வந்ததே, நினைவிருக்கும். அதன் பிறகுதான் ஆன்லைன் பதிவு இல்லாத மலைகளில் ஏறுவதை அரசு நிறுத்தி வைத்தது. பிறகு ஆரண்ய விஹாரா என்ற வனத்துறையின் முன்பதிவு இணையதளம் வந்தது, ஒரு பாதைக்கு ஒரு நாளைக்கு 300 பேர் என்று வரம்பும் வந்தது.

இந்த வரம்பை நான் மனசார வரவேற்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளி ஒரு தோல் மாதிரி மெல்லியது. சோலைக்கும் சோலைக்கும் நடுவே இருக்கிற அந்தப் புல்தான் மழைநீரைப் பிடித்து ஓடைக்கு விடுகிறது. ஒரே இடத்தில் வாராவாரம் டென்ட் போட்டால் புல் செத்து மண் தெரியும். அடுத்த ஜூன் மழையில் அந்த மண் இறங்கும். பாதை இரண்டாகும், நாலாகும்.

நைட் ட்ரெக் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாவனதுர்கா, ராமநகரப் பாறைகளில் கரடி இருக்கிறது. ராத்திரி இரை தேடிவிட்டு, விடியும் நேரத்தில் பாறை இடுக்குக்குத் திரும்பும். சூரிய உதயம் பார்க்கிறேன் என்று நாம் அதே பாறை இடுக்கு வழியாக ஏறும் நேரமும் அதுதான். கரடிக்குக் கண் அவ்வளவு கூர்மை இல்லை. பக்கத்தில் திடீரென்று ஆள் தெரிந்தால் பயத்தில் பாயும், முகத்தைக் குறிவைக்கும். ராமதேவர பெட்டாவில் கழுகுகள் வேறு. அந்தப் பாறை முகட்டில் கூடு கட்டும் நீள அலகுப் பிணந்தின்னிக் கழுகுகளுக்காகவே 2012-ல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். சுமார் 250 கோடி ஆண்டு வயதான கிரானைட் அது. அதன் மேல் நின்று கத்தாமல் ஒருமுறை பகலில் பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

ஜெயநகர் நர்ஸ்

குழந்தைகள் வருகிறார்கள் என்பதால் உடம்பு சம்பந்தமாக மட்டும் சொல்கிறேன்.

டிசம்பரில் கர்நாடகத்தின் மலைநாடு (மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம்) போவதென்றால் குரங்குக் காய்ச்சல் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். 1957-ல் ஷிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் முதலில் கண்டுபிடித்த நோய். உண்ணி கடித்துப் பரவும். டிசம்பரில் இருந்து மே வரை அதன் காலம். பயந்து வீட்டில் இருக்க வேண்டாம், ஆனால் காய்ந்த இலைச் சருகின் மேல் குழந்தைகளை உட்கார விடாதீர்கள். முழுக்கால் சட்டை, அதன் நுனியை சாக்ஸுக்குள் சொருகுங்கள். சாயங்காலம் குளிக்கும்போது அக்குள், காது மடலின் பின்புறம், தொடை இடுக்கு, தொப்புள், தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணியின் குஞ்சு எள் அளவுகூட இருக்காது, கண்ணைவிட விரல் நுனிக்குத்தான் தட்டுப்படும். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, நெருப்பு காட்டுவது வேண்டாம். ஊர் திரும்பிய பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் "காட்டுக்குப் போயிருந்தோம்" என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இங்கே நகரத்தில் டெங்கு என்றே முதலில் நினைப்பார்கள்.

மலைத்தேனீ: பாறை முகட்டில் பெரிய அடை தொங்கினால் அதன் அடியில் நிற்காதீர்கள். சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓட வேண்டும், கையால் அடிக்கக் கூடாது.

பாம்பு கடித்தால் கட்டு போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் இல்லை. அசையாமல் வைத்து 108. எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று போகும் முன்பே கேம்ப்சைட்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் வேறு கேம்ப்சைட் பாருங்கள்.

ஹென்னூர் அப்பா

அக்கா, கருங்கல் சார், எல்லோருக்கும் நன்றி. நைட் ட்ரெக் வேண்டாம் என்று வீட்டில் சொல்லியாச்சு. தனியார் தோட்டம் என்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது? படத்தில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது.

காபித்தோட்டம்

போனில் பேசும்போது இதைக் கேளுங்கள். தோட்டம் யாருடையது, சொந்தக்காரர் அங்கே இருக்கிறாரா, இல்லை பெங்களூரில் இருந்து ஒருவர் லீஸ் எடுத்து நடத்துகிறாரா? ராத்திரி யார் காவல்? யானை நடமாட்டம் போன வாரம் எங்கே இருந்தது? சொந்தக்காரர் என்றால் பதில் உடனே வரும். "அதெல்லாம் ஒன்றும் வராது சார்" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். கக்கூஸ் தண்ணீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பல இடங்களில் ஓடையில்தான் விடுகிறார்கள். அதே ஓடையில் கீழே எங்கள் ஆட்கள் பாத்திரம் கழுவுகிறார்கள்.

டிசம்பர், ஜனவரி காபிப் பழம் பறிக்கும் பருவம். களத்தில் பழம் காய்வதை, ஆட்கள் எடை போட நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். களத்தின் மேல் மட்டும் செருப்போடு நடக்கக் கூடாது.

யெலகிரி ரயில்

சின்னப் பிள்ளைகள், முதல் தடவை, இரவுக் குளிர் பழக்கம் இல்லை. குடகுக்கு ஆறு மணி நேரம் கார் ஓட்டுவதைவிட யெலகிரி நல்லது. பெங்களூரில் இருந்து சுமார் 160 கிலோமீட்டர். ரயிலில் ஜோலார்பேட்டை வரை போய் அங்கிருந்து பஸ். மேலே சமவெளி மாதிரி ஊரும் வயலும் தோப்பும்தான், அதனால் முறையான கேம்ப்சைட் கிடைக்கும். உயரம் 1,100 மீட்டர் அளவு. டிசம்பரில் ஸ்வெட்டர் போதும். ஆனால் கேஸ் உருளையை ரயிலில் எடுத்துப் போகக் கூடாது, நினைவில் வையுங்கள்.

பக்கத்திலேயே ஜவ்வாது மலை. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த வானம் எவ்வளவு இருட்டு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹென்னூரில் பிள்ளைகள் பார்த்திருக்க முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு மேலே அண்ணாந்தால் கார்த்திகைக் கூட்டம், கிழக்கே மூன்று நட்சத்திரம் வரிசையாக, அதன் பக்கத்தில் சிவப்பாகத் திருவாதிரை. மார்கழி மாதம் அதைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. நிலா தேதி பார்த்து, அமாவாசையை ஒட்டிப் போங்கள்.

கருங்கல்

யெலகிரி நல்ல யோசனை. டென்ட் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

வீட்டு மாடியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மாடியில் முளை அடிக்க முடியாது, அதுவே நல்லது. பாறைத் தரையில் என்ன செய்வது என்று அங்கேயே தெரிந்துவிடும். முளைக்குப் பதிலாகக் கயிற்றின் நுனியைத் தலை அளவு கல்லில் சுற்றி, அந்தக் கல்லுக்கு முன்னால் இன்னொரு பெரிய கல்லை அண்டக் கொடுத்தால் காற்றுக்கு அசையாது. அடியில் விரிக்கும் ஷீட் டென்ட்டின் ஓரத்துக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டக் கூடாது. நீட்டினால் மேல் துணியில் வடிகிற தண்ணீரை அது வாங்கி நேராக உங்கள் முதுகுக்கடியில் கொண்டுவந்து விடும். மழையே பெய்யாமல் காலையில் உள்ளே நனைந்திருந்தால் டென்ட் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். நாலு பேர் விடும் மூச்சு குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடுவதால் வருவது அது. எதிரெதிரே இருக்கிற இரண்டு ஜன்னலையும் பாதி திறந்து வையுங்கள்.

குளிர் மேலே இருந்து வருவதைவிடத் தரையில் இருந்துதான் ஏறும். ஸ்லீப்பிங் பேகில் போடும் காசில் பாதியை, அடியில் விரிக்கிற நல்ல ஸ்லீப்பிங் மேட் வாங்கப் போடுங்கள்.

பள்ளத்தில் போடாதீர்கள், தனி மரத்தடியில் போடாதீர்கள், காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியில் கண்டிப்பாகப் போடாதீர்கள். சாப்பாட்டுப் பையை டென்ட்டுக்குள் வைக்க வேண்டாம். எறும்பும் எலியும் வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். அடுப்பை டென்ட்டுக்குள் ஒருபோதும் பற்ற வைக்காதீர்கள். தீயைவிட அதன் புகையில் இருக்கும் நச்சு வாயு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

ஓசூர் பைக்

எல்லாம் படித்தேன். தேனி நண்பர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். காட்டுக்குள் இஷ்டத்துக்குப் படுக்க வேண்டும் என்று இனி கேட்கமாட்டேன். ஆனால் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். வனத்துறை காட்டு ஓரங்களில், தண்ணீரும் கக்கூஸும் வைத்து, பத்து டென்ட் பதினைந்து டென்ட் என்று எண்ணிக்கை வைத்து, கிராம வனக் குழுவிடம் நடத்தக் கொடுத்தால் என்ன? தலைக்கு இருநூறு ரூபாய் அந்த ஊருக்குப் போகட்டும். ரிசார்ட்டுக்குப் போகிற காசில் ஒரு பங்கு காவல் நிற்கிறவர்களுக்குப் போகட்டும்.

காபித்தோட்டம்

இதைக் கேளுங்கள் தம்பி, நானும் சேர்ந்து கேட்கிறேன். எங்கள் பக்கத்துப் பையன்கள் படித்துவிட்டு வேலை இல்லாமல் மைசூருக்கும் பெங்களூருக்கும் வருகிறார்கள். காட்டை அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த டூர் கம்பெனிக்கும் தெரியாது. மனு எழுதினால் கன்னடத்தில் நான் எழுதித் தருகிறேன். யானைகள் நடக்கும் வழியில் இல்லாத இடமாக, ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்த இடமாக இருக்க வேண்டும் என்பதை முதல் பத்தியிலேயே போடுவோம்.

தேனி மண்

தீ மூட்டக் கூடாது என்பதையும்.

ஹென்னூர் அப்பா

யெலகிரி முடிவாகிவிட்டது. கேம்ப்சைட்காரரிடம் விஷமுறிவு மருந்து பற்றிக் கேட்டேன், திருப்பத்தூர் அரசு ஆஸ்பத்திரி என்று உடனே சொன்னார். கேம்ப் ஃபயர் வேண்டாம் என்றதும் அவருக்கு ஆச்சரியம். மனுவில் என் கையெழுத்தும் உண்டு. கடைசியாக ஒன்று: குழந்தைகளுக்குத் தலையில் மாட்டும் விளக்கு வாங்கலாமா, கை டார்ச் போதுமா?

கருங்கல்

தலையில் மாட்டுவதே வாங்குங்கள், கை இரண்டும் காலியாக இருக்கும். சிவப்பு வெளிச்சமும் உள்ளதாகப் பாருங்கள். நட்சத்திரம் பார்க்கும்போது வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டால் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகும்.